எத்தனை நாளாச்சு?

ஜூன் 7, சனி

பொள்ளாச்சி–வால்பாறை இரண்டு நடை. மலையில் மழை, பனிமூட்டம். முன்கண்ணாடி முழுக்கக் கொசு அடித்தது போலக் கருப்புப் புள்ளிகள். ஷெட்டில் பஸ் கழுவுகிறவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி துடைத்தார். புள்ளிகள் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

லீவு. நாகமணி கறி எடுத்துவரச் சொன்னாள், எடுத்து வந்தேன். வீட்டுச் சுவரிலும் அதே புள்ளிகள். நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் கூடவே வருகின்றன. பஸ் கழுவுகிறவரைத் திட்டியது தப்பு.

ஜூன் 9, திங்கள்

இடது ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். இடி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. கண்டக்டர் சேவியரிடம், “என்றா இது, சத்தமே இல்லாம மின்னுது?” என்றேன். “எங்கண்ணா மின்னுது?” என்று திருப்பிக் கேட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

கீழிருந்து ஒரு நிழல். டாஷ்போர்டின் நிழல் என்று நினைத்து சீட்டை ஏற்றிப் போட்டேன். நிழலும் ஏறி வந்தது.

ஜூன் 13, வெள்ளி

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். காலண்டர் மாட்டியிருக்கும் ஆணி தெரிகிறது. காலண்டர் தெரியவில்லை.

இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கடவுள் கண்ணை இரண்டாகக் கொடுத்தது இதற்குத்தானே. கண் மங்கலாக இருக்கிறதென்று போன வருடம் வாய்விட்டுச் சொன்ன காளியப்பனிடம் ஓனர் மறுநாளே சாவியை வாங்கிக்கொண்டார். அவன் இப்போது ஷெட் வாசலில் உட்கார்ந்து டயருக்குக் காற்றடிக்கிறான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் ஓட்டுவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. தானாகச் சரியாகிவிடும்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு நடை. இருபத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் சேவியர் மூன்று தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

சாப்பிடும்போது சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் தரையில் போயிற்று. நாகமணி துடைத்தாள். மறுபடி ஊற்றினேன், மறுபடியும் தரையில். அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து, தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

“எத்தன வெரல்னு சொல்லுங்க.”

விரல் எங்கே, கையே எங்கே என்று தெரியவில்லை. “மூணு” என்றேன்.

“நானு கையவே நீட்டலைங்க.” அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. “எப்ப இருந்துங்க இப்புடி?”

“இன்னிக்குக் காலைல இருந்துதான்” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

ஜூன் 19, வியாழன்

கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து ஊற்றி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்கள். டாக்டர் மிருணாளினிக்கு என் தங்கச்சி வயதுதான் இருக்கும். சுவரில் ஒட்டிய போஸ்டர் ஈரத்தில் கழன்று மடங்கித் தொங்குவது போல, கண்ணின் பின்சுவரிலிருந்து விழித்திரை கழன்று தொங்குகிறதாம். மேல்பக்கம் ஒரு கிழிசலாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

நாகமணி கேட்டாள்: “பார்வ திரும்ப வந்துருமுங்களா?”

“அது பல விஷயத்தப் பொறுத்தது. வயசு, கிழிசல் எவ்வளவு பெருசு, உள்ள தழும்பு கட்டியிருக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு ஒழுங்கா கவுந்து படுக்கறாரு, எல்லாமே உண்டு. இவருக்கு நடுப்பகுதியும் கழண்டுருச்சு. அதனால எல்லாத்தையும் விட முக்கியம், எத்தன நாளாச்சுங்கறதுதான்.” என் பக்கம் திரும்பினார். “நடுப்பார்வை மறைஞ்சு எத்தனை நாளாச்சு?”

எழுத ஒரு தாளும் பேனாவும் அவர் கையில் தயாராக இருந்தன. அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆறு நாள் என்று எழுதினால், அந்த ஆறு நாளும் நான் யார் யாரை ஏற்றிக்கொண்டு மலையேறினேன் என்று ஒருவன் கேட்பான்.

“நேத்துக் காலைலதானுங்க.”

“நல்லவேளை, சீக்கிரமா வந்துட்டீங்க. நாளைக்கே பண்ணிடலாம். நல்லா வரும்னு நம்பிக்கை இருக்கு” என்றார் டாக்டர். நாகமணி அங்கேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

விலாசம் கேட்டபோது, பொள்ளாச்சியில் இருக்கும் மச்சான் நடராஜின் விலாசத்தைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக் கடிதம் எதுவும் எங்கள் வீடு இருக்கும் வால்பாறைக்கு வர வேண்டாம். அங்கே தபால்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் என் பஸ்ஸில் வருகிறவர்கள்.

ஜூன் 20, வெள்ளி

முடிந்தது. ஊசியில் கண் மரத்துவிட்டது, காது மரக்கவில்லை. உள்ளே நடப்பதை எல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நடுவில் டாக்டர், “இங்க பாரு, மடிப்பு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

ஜூன் 21, சனி

கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருக்கிறார்கள். அது உள்ளிருந்து விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்குமாம். அதற்காகப் பகலிலும் ராத்திரியிலும் முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்க வேண்டும். சின்ன வயதில் குப்புறப் படுத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். இப்போது மல்லாந்தால் சிஸ்டர் லில்லி வைக்கிறார்.

கீழே பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை எழுதுவது ஒன்றுதான். கண் கெடும்வரை பதினெட்டு வருடமாக டயரியில் மூன்று வரிக்கு மேல் எழுதாதவன், இனிமேல் பக்கம் பக்கமாக எழுதப்போகிறேன் போல.

வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரிகிறது. வெள்ளை ஷூ சிஸ்டர். கருப்புச் செருப்பு டாக்டர். மெட்டி போட்ட, வெடித்த குதிகால் நாகமணி. அந்தக் குதிகாலை இத்தனை வருடத்தில் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். மருந்து வாங்கிப் போடச் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பக்கத்துக் கட்டிலில் ஆனைமலை ஆறுச்சாமி, தேங்காய் வியாபாரி. அவருக்கும் இதே வியாதி, இதே இடது கண். அவரும் கவிழ்ந்துதான் கிடக்கிறார். முகத்தைப் பார்க்காமலே சிநேகமாகிவிட்டோம்.

காலையில் கருப்புச் செருப்பு அவர் கட்டிலுக்குப் போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“ஐயா, நீங்க நடு மறைஞ்சு ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கீங்க. உள்ள மடிப்பு விழ ஆரம்பிச்சுருச்சு. விழித்திரை ஒட்டிக்கும், அதுக்கு என்னால முடிஞ்சதப் பண்ணியிருக்கேன். ஆனா ஒட்டுறது வேற, தெரியறது வேற. பேப்பர் படிக்கற அளவுக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“தேங்கா தெரிஞ்சாப் போதும் சாமி” என்று சிரித்தார் ஆறுச்சாமி.

பிறகு செருப்பு என் பக்கம் வந்தது. “உங்களுக்குப் பரவால்ல திருமூர்த்தி, சீக்கிரம் வந்தவர்” என்றார். சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினாரோ என்று தோன்றியது. கால்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறுச்சாமிக்குச் சொன்னதுதான் எனக்கான தீர்ப்பு. அதை அவருக்குச் சொன்னபோது நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுவிட்டேன். நாகமணி ஊரில் எல்லோருக்கும் போன் போட்டு, கண் நல்லா வந்துரும், டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் லில்லி தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். சர்க்கரை இருக்கா, இல்லை. பிளேன்ல எங்காச்சும் போறீங்களா? நாகமணி சிரித்துவிட்டாள். “பஸ்ஸுக்கே எங்களுக்குப் பாஸுங்க, பிளேனுக்கு யாரு குடுப்பா?”

“வீடு மலைப்பக்கம் ஏதாச்சும் இருக்கா? ஊட்டி, வால்பாறை, அந்த மாதிரி?”

வால்பாறை என்ற பெயரைக் கேட்டதும் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். நாகமணி வாயைத் திறப்பதற்குள், “பொள்ளாச்சிதானுங்க, அதுல விலாசம் இருக்குதுங்களே” என்றேன். சிஸ்டர் ஒரு டிக் போட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே வந்ததும் நாகமணி கேட்டாள், “ஏனுங்க அப்புடிச் சொன்னீங்க?” மச்சான் வீட்டில்தானே இருக்கப்போகிறோம், அதைத்தான் சொன்னேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

மச்சான் வீடு. பெஞ்சில் கவிழ்ந்து, நெற்றிக்குக் கீழே தலையணை. கழுத்து இற்றுப்போகிறது. தாங்கிக்கொள்கிறேன். நாள் கணக்கில் விட்டதைக் கவிழ்ந்து படுத்துப் பிடித்துவிடலாம் என்று ஒரு ஆசை. டாக்டர் சொன்னவற்றில் என் கையில் இருப்பது இது ஒன்றுதான். சாப்பிடும்போதும் நிமிர்வதில்லை. மச்சான் நடராஜ், “மாமா, ஆபரேஷன் பண்ணுனது கண்ணுக்கா கழுத்துக்கா?” என்கிறான்.

நடுராத்திரியில் விழித்தால் மல்லாந்து கிடக்கிறேனோ என்று பதறி எழுகிறேன்.

ஜூன் 30, திங்கள்

சேவியர் வந்தான். பிய்ந்த வாரைக் கம்பியால் கட்டிய செருப்பு. நாகமணி காப்பி போட உள்ளே போனதும் குனிந்து என் காதோரம் பேசினான்.

“அண்ணா, இருவத்தி மூணுல கல்லு போனத ஓனரு கண்டுட்டாரு. யாரு வண்டின்னு ஒவ்வொருத்தனாக் கூப்புட்டுக் கேக்கறாரு. அது முன்னாடியே விழுந்து கெடந்துச்சுன்னு நாஞ் சொல்லிட்டேன். ஆனா நீங்க ஆளக் காணோம்னதும் சந்தேகப்படறாருங்கண்ணா. இந்த வாரம் அவரு வால்பாறை ஷெட்டுலதான் இருக்காரு, ஒருக்கா மேல வந்து மூஞ்சியக் காட்டீட்டுப் போயிருங்க.”

எழுதிவிடுகிறேன். பதினாறாம் தேதி, இருபத்து மூன்றாவது வளைவில், எதிரே வந்த ஜீப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒதுக்கினேன். இடது பின்சக்கரம் தடுப்புக்கல்லில் ஏறியது. கல் உருண்டு போன சத்தம் வெகுநேரம் கேட்டது. வண்டி சாய்ந்து, நின்று, திரும்ப உட்கார்ந்தது. உள்ளே நாற்பத்தோரு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்

இதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் நாகமணியோடு எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறினேன். பழனிவேல் ஓட்டினான். வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முன்சீட்டின் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கவிழ்ந்தே உட்கார்ந்தேன். எந்த வளைவு என்பதை வண்டி திரும்புவதை வைத்தே சொல்லிவிடுவேன், கண் தேவையில்லை.

நாலாவது வளைவில் கண்ணுக்குள் ஒரு இறுக்கம். ஆறில் வலி. எட்டில் அது வலியே இல்லை, யாரோ உள்ளே இருந்து கட்டைவிரலால் கண்ணை வெளியே தள்ளினார்கள். இடது கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் சுருங்கிக்கொண்டே வந்தது. வாந்தி எடுத்தேன். நாகமணி, “வண்டிய நிறுத்துங்க” என்று கத்தினாள். ஒன்பதாவது வளைவில் பழனிவேல் ஓரம் கட்டினான்.

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். சிஸ்டர் லில்லியின் குரல் எனக்கே கேட்டது.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“வால்பாறை ரோட்டுலங்க, ஒம்பதாவது பெண்டு.”

“மலை மேலயா? ஏம்மா, மலைப்பக்கம் வீடு இல்லைன்னு சொன்னீங்களே!”

“இருவது வருசமா அங்கதானுங்க இருக்கோம்” என்று அழுதாள் நாகமணி.

“மேல போகப் போகக் கண்ணுக்குள்ள இருக்கற வாயு பெருத்துக்கிட்டே போகும். கண்ணு போயிடும். ஒரு அடிகூட மேல போகாதீங்க. உடனே எறங்குங்க!”

பழனிவேல் நடுரோட்டில் நின்று, கீழே போன ஒரு காய்கறி வேனை மறித்து எங்களை ஏற்றிவிட்டான். முட்டைகோஸ் மூட்டைமேல் முகத்தைப் பதித்துக்கொண்டு இறங்கினேன். எட்டு, ஏழு, ஆறு. ஒவ்வொரு வளைவிலும் வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நாகமணி என் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அழுத்தத்தைக் குறைக்க ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து. சாயங்காலம் கருப்புச் செருப்பு வந்து நின்றது. டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“விலாசம் பொய். வேற என்ன பொய் சொன்னீங்க?”

நாகமணியின் மெட்டி போட்ட கால் பக்கத்திலேயே இருந்தது. வெளியே போ என்று சொல்ல முடியவில்லை.

“நேத்துன்னு சொன்னது நேத்து இல்லீங்க. அன்னிக்கே நிழலு விழுந்து ஒம்பது நாளு. நடு மறஞ்சு ஆறு நாளு.”

“ஆபரேஷன் பண்ணும்போதே எனக்குச் சந்தேகம்தான். ஒரு நாள்ல அப்படி மடிப்பு விழறது ரொம்ப அபூர்வம். ஆனா நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “நல்லா வரும்னு நான் சொன்னது, நீங்க சொன்ன கணக்க வச்சு.”

“இப்ப என்னங்க சொல்லுவீங்க?”

“ஒட்டி நிக்கும். இன்னிக்கு ஏறுன அழுத்தத்துல நரம்பு எவ்வளவு அடி வாங்கிருக்குன்னு பாக்கணும். எவ்வளவு தெரியும்னு இனி நான் வாக்கு குடுக்க மாட்டேன்.”

அவர் போனபிறகு நாகமணி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் போச்சே என்று அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அந்த ஆறு நாளும் அந்தப் பஸ்ஸுல ஏறுனவங்க எல்லாம் யாருங்க?”

எனக்குப் பதில் தெரியும். பாதிப் பேரைப் பெயர் சொல்லியே சொல்ல முடியும்.

ஜூலை 4, வெள்ளி

நாகமணி சாப்பாடு வைத்தாள். பேசவில்லை.

ஜூலை 5, சனி

பேசவில்லை. மருந்து மட்டும் நேரம் தவறாமல் ஊற்றுகிறாள்.

ஜூலை 19, சனி

வாயு கரைகிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பார்ப்பது போல இடது கண்ணில் ஒரு கோடு ஆடுகிறது. கோடு தினமும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. கோட்டுக்கு மேலே வெளிச்சமும் உருவமும் வருகின்றன. உருவம் நேராக இல்லை. கதவுச் சட்டம் வளைந்திருக்கிறது, நடுவில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வட்டம். யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வட்டம்தான்.

இன்னும் ஏதாவது மாறுமா என்று தினமும் காலையில் கதவைப் பார்க்கிறேன். பயத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வாயு சுத்தமாகக் கரைந்துவிட்டது, இனி மலையேறலாம் என்றார்கள். ஒட்டியிருக்கிறதாம். பிரமாதமாக ஒட்டியிருக்கிறது என்றுகூடச் சொன்னார் டாக்டர். பெரிய எழுத்து ஒன்றை இடது கண்ணால் பார்க்கச் சொன்னார். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. கொஞ்சம் கூடலாம், மாதக்கணக்கில் பிடிக்கும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

வராந்தாவில் ஆறுச்சாமியைப் பார்த்தேன். முதல் தடவையாக முகம் பார்த்தோம். கண் சோதிக்கும் அட்டையில் அவருக்கு என்னைவிட நாலு வரி கூடுதலாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பொள்ளாச்சியில் கம்பெனி ஆபீஸ். வேலையில் திரும்பச் சேர்கிறவர்களுக்குக் கண் சோதனை. ஓனர் தோளில் தட்டி, “மலைக்கு ஓட்ட ஆளே கெடைக்கறதில்ல திருமூர்த்தி, நாளைக்கே வண்டிய எடுத்துரு” என்றார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகமணி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூட வருகிறேன் என்று அவளாகவேதான் வந்தாள்.

சோதிக்கிறவர் வயதான மனிதர். பதினெட்டு வருடமாக அதே அறை, அதே ஆணியில் அதே அட்டை. மூன்றாவது வரி ப, ட, ய, ர, ம. நாலாவது வரி வ, க, ந, த, ல. கம்பெனியில் எல்லா டிரைவருக்கும் இது மனப்பாடம், சோதிக்கிறவருக்கும் அது தெரியும். வலது கண்ணில் கடைசி வரி வரை படித்தேன். பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளச் சொன்னார். மறைத்தேன். சுவரும் அட்டையும் சேர்ந்து ஒரே சாம்பலாக இருந்தது.

“மூணாவது வரி” என்று சொல்லிவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ப, ட, ய, ர, ம. நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் நாளைக்கு இந்நேரம் நான் மலையில் இருப்பேன்.

“தெரியலைங்க” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போய்க் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டுகிற சத்தம் கேட்டது.

“அட, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா. நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துத்தானுங்க சொல்றேன்.”